தொட்டிக் கடலும் பவளக் கடலும்

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பவளப்பாறைகள் உள்ள மன்னார் வளைகுடாவோ இன்னும் வெகுதூரம் தெற்கே. நம் பிள்ளைகளில் பலர் கடலைச் சுற்றுலாவில் ஒருமுறை பார்த்திருப்பார்கள். சிலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத் தெரியாத பிள்ளையைக் காண்பது அரிது. கார்ட்டூன் படத்தில் பார்த்திருக்கிறார்கள், கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள், ஓட்டல் வரவேற்பறைத் தொட்டியில் பார்த்திருக்கிறார்கள். அதாவது, பவளப்பாறையைப் பற்றி அவர்கள் படித்த முதல் பாடநூல் கண்ணாடித் தொட்டிதான். அந்தப் பாடநூல் எதைச் சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இன்றைய என் பேச்சு.

இதைப் பேச இரண்டு காரணங்கள் உண்டு. பவளப்பாறைகள் அழிந்துவருவதைப் பற்றிப் பாடம் நடத்தினால் வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும்: “அப்படின்னா எல்லாத்தையும் தொட்டியில வச்சுக் காப்பாத்திடலாமே டீச்சர்?” இது விளையாட்டுக் கேள்வி அல்ல. நேர்மையான பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இரண்டாவது, பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் நன்கொடையாளர்களும் முன்னாள் மாணவர்களும் இப்போது “ஒரு கடல்நீர் மீன்தொட்டி வாங்கித் தரட்டுமா?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஒப்பீட்டில் விடை இருக்கிறது.

நம் மாநிலத்தின் பவளக் கடல்

முதலில் இயற்கைப் பவளப்பாறை. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக இருக்கின்றன. குருசடை, முயல், மனோலி, அப்பா, நல்லதண்ணி, வான் என்று அழகான பெயர்கள். இத்தீவுகளைச் சுற்றித்தான் நம் பவளப்பாறைகள். 1986-இல் இது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் இதை உள்ளடக்கிய பெரும்பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் பதிவாகியுள்ளன.

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. அது விலங்கு என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். பாலிப் என்னும் மிகச்சிறிய உயிர், கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தனக்குச் சுண்ணாம்பு வீடு கட்டுகிறது. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கை செய்து சமைக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிய இந்தச் சுண்ணாம்பு வீடுகளின் தொகுப்பே பவளப்பாறை. உலகக் கடற்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில்தான் இவை இருக்கின்றன. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்பங்கு ஏதாவது ஒரு பருவத்தில் இவற்றைச் சார்ந்து வாழ்கின்றன.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

இனி தொட்டிக்கு வருவோம். வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்துப் பவளமும் மீனும் வளர்க்க வேண்டுமானால் என்னென்ன தேவை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

முதலில் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு. 200 லிட்டருக்கு 7 கிலோ. பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லலாம். சமையல் உப்பைக் கொட்டினால் போதுமா? போதாது. கடல் உப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடுதான் சோடியமும் குளோரைடும். மீதியில் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. அந்த மீதியில்தான் பவளத்தின் வீடு இருக்கிறது.

அடுத்தது ஆவியாதல். தொட்டியில் நீர் குறையும்போது உப்பு குறையாது. நன்னீர்தான் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. நம்மூர் சித்திரை வெயிலில் சில நாள் கவனிக்காமல் விட்டால் தொட்டி நீரின் உப்பு ஏறிவிடும். ஆகவே தினமும் நன்னீர் ஊற்றிச் சமன் செய்ய வேண்டும். கடலில் இந்த வேலையை மழையும் ஆறும் செய்கின்றன. நாம் ஆறாம் வகுப்பில் நடத்தும் நீர்ச்சுழற்சி இங்கே ஒரு குவளையாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது கழிவு. மீன் வெளியிடும் அம்மோனியா நஞ்சு. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் அவசரப்பட்டு மீனை விட்டவர்களின் தொட்டியில்தான் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன. புத்தகத்தில் அம்புக்குறி போட்டு நாம் காட்டும் நைட்ரஜன் சுழற்சி அங்கே உயிர்போகும் விஷயம். இது தவிர ஸ்கிம்மர் என்றொரு கருவி உண்டு. நீருக்குள் நுண்குமிழிகளை விட்டுக் கரிமக் கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும். கடற்கரையில் அலை ஒதுக்கும் வெள்ளை நுரையை நினைத்துப் பாருங்கள். கடல் இதைக் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறது.

நான்காவது நீரோட்டம். பவளம் இருந்த இடத்திலேயே இருப்பது. உணவும் உயிர்வளியும் அதைத் தேடி வர வேண்டும். தொட்டியில் பம்ப் அலையடிக்கிறது. கடலில் சோழகக் காற்றும் வாடைக் காற்றும், ஏற்றவற்றமும் அதைச் செய்கின்றன. மின்சாரம் சில மணி நேரம் நின்றால் தொட்டியில் உயிர்வளி குறைந்துவிடும். ஆகவே கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் வீட்டில் இன்வெர்ட்டர் கட்டாயம். கடலுக்கு மின்வெட்டு கிடையாது.

ஐந்தாவது கால்சியம். பவளம் வளர வளர நீரிலுள்ள கால்சியம் தீர்ந்துகொண்டே வரும். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது அது. தொட்டியில் அந்த அளவு குறையாமல் பரிசோதித்துப் பரிசோதித்துச் சேர்க்க வேண்டும்.

ஆறாவது ஒளி, ஏழாவது வெப்பநிலை. பாசிக்கு வலுவான விளக்கு வேண்டும். நீர் 25, 26 டிகிரி செல்சியசில் இருக்க, குளிர்விக்கும் சில்லர் வேண்டும்.

இப்போது இந்தப் பட்டியலைத் திருப்பிப் படியுங்கள். உப்புப் பொட்டலம், நன்னீர்க் குவளை, பாக்டீரியா, ஸ்கிம்மர், பம்ப், கால்சியக் கரைசல், விளக்கு, சில்லர். தொட்டியில் உள்ள ஒவ்வொரு கருவியும் கடல் இலவசமாகச் செய்யும் ஒரு வேலையின் பெயர். வீட்டில் அம்மா ஒருநாள் ஊருக்குப் போனால்தான் அவர் செய்யும் வேலைகள் எத்தனை என்று தெரியும். அதுபோல, கடல் இல்லாத இடத்தில் கடலை உருவாக்க முயலும்போதுதான் கடல் என்ன செய்கிறது என்று தெரிகிறது. தொட்டி கற்பிக்கும் மிகச் சிறந்த பாடம் இதுதான்.

தொட்டியில் இல்லாதவை

தொட்டி சொல்லாமல் விடுவது என்ன?

முதலாவது, உணவு வலை. கிளிமீன் பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்கிறது. உள்ளே போன சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகிறது. பெரிய இனங்கள் ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணலை உண்டாக்குகின்றன. தீவின் மணலில் ஒரு பங்கு மீனின் வயிற்றிலிருந்து வந்தது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். தொட்டியில் உணவு டப்பாவிலிருந்து வருகிறது. பெரிய மீன் சிறிய மீனைத் தின்றுவிடாமல் நாம் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறோம். அங்கே அழகு இருக்கிறது, உணவு வலை இல்லை.

இரண்டாவது, அடுத்த தலைமுறை. பல பவள இனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில், முட்டைகளையும் விந்தணுக்களையும் ஒரே நேரத்தில் கடலில் விடுகின்றன. நிலவொளியும் நீரின் வெப்பநிலையும் அவற்றுக்கு நாள்காட்டி. பௌர்ணமி தோறும் கிரிவலம் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல நீண்ட முன்னுரை தேவையில்லை. நிலவைப் பார்த்து நாள் குறிக்கும் உயிர்கள் கடலிலும் உண்டு என்றால் போதும். லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள், தொட்டியில் பவளங்களைத் திட்டமிட்டு இனப்பெருக்கம் செய்யவைக்க என்ன செய்தார்கள் தெரியுமா? கணினியின் உதவியோடு சூரியன் உதிக்கும் நேரம், மறையும் நேரம், பருவத்துக்கேற்ற நீர் வெப்பநிலை, நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாவற்றையும் விளக்குகளாலும் கருவிகளாலும் அமைத்தார்கள். 2017-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு பவளம் முட்டையிடுவதற்குத் தொட்டிக்குள் ஒரு நிலாவைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மூன்றாவது, மனிதர்கள். தொட்டிக்கு வெளியே இருப்பவர் பார்வையாளர் மட்டுமே. மன்னார் வளைகுடாவில் அப்படி இல்லை. கடலடிப் பாறைத் திட்டுகளை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். எந்தப் பாரில் எந்த மீன் எப்போது கிடைக்கும் என்பது அவர்களுடைய அறிவு. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். பவளப்பாறை அலையின் வேகத்தை முறித்துக் கரையைக் காக்கிறது. உலகின் பல பாறைகளில் செய்த அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைப் பாறைகள் தணிக்கின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு சொன்னது. பாறை போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்ட மன்னார் வளைகுடாப் பகுதியில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவும் பெருமளவு சுருங்கியது. அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாமா?

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. ‘முடியாது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. தொட்டிகள் நமக்குப் பல நன்மைகளைச் செய்திருக்கின்றன. சென்னை மெரினாவில் 1909-லேயே கடல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவானது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்படும்வரை, கடலுக்குள் இறங்காத மக்களுக்குக் கடலைக் காட்டியது அது. இன்று மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த மீனை வாங்கினால் கடலிலிருந்து ஒரு மீன் குறைவாகப் பிடிபடும்.

ஆனால் எல்லா மீனும் கோமாளி மீன் அல்ல. உலகச் சந்தையில் விற்கும் கடல் அழகுமீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடித்தவையே. கார்ட்டூன் படத்தில் வரும் அந்த நீல மீன் இருக்கிறதே, அதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்ப்பதில் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம் 2016-இல்தான் வெற்றி பெற்றது. பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கும் மீனைப் பிடிக்கும் வழக்கம் 1960-களில் தொடங்கியது. அந்த நஞ்சு மீனை மயக்குவதோடு நிற்பதில்லை. பக்கத்திலுள்ள பவளத்தையும் கொல்கிறது.

இதைவிட முக்கியமானது வெப்பம். அந்தந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான வெப்பம் சில வாரம் நீடித்தால் போதும். பவளம் தன் உடலிலுள்ள பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் இப்படி நடந்தது. தொட்டிக்குச் சில்லர் இருக்கிறது. கடலுக்குச் சில்லர் பூட்ட முடியாது. கடலின் சூடு குறைய வேண்டுமானால் கரையில் நாம் எரிப்பது குறைய வேண்டும். வேறு கருவி இல்லை.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் சிமெண்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலிலேயே வளர்த்து, சிதைந்த இடங்களைச் சீர்செய்துவருகிறது. கவனியுங்கள்: அதுவும் கடலுக்குள்தான் நடக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லும் பதில் இது: தொட்டியில் சில உயிர்களைக் காப்பாற்றலாம், விதைநெல்லைப் பானையில் வைத்துக் காப்பதுபோல. ஆனால் விதைநெல்லை விதைக்க வயல் வேண்டும். வயல் போய்விட்டால் பானை நெல்லுக்குப் பொருள் இல்லை.

சட்டமும் நம் பொறுப்பும்

நன்கொடைத் தொட்டியைப் பற்றி என் கருத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குக் கடல்நீர்த் தொட்டி வேண்டாம். காரணங்கள் எளியவை. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் தினமும் யார் வந்து நீர் ஊற்றுவது? இரவில் மின்சாரம் போனால் யார் பார்ப்பது? பிள்ளைகள் கண்முன்னே மீன்கள் செத்து மிதந்தால் நாம் கற்பித்தது என்ன?

சட்டமும் இருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், கடல்குதிரை ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அன்று அது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. இராமேசுவரம் சுற்றுலாவில் யாராவது பவளத் துண்டை நீட்டினால் வாங்கக் கூடாது என்பதைப் பேருந்து ஏறும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வளர்க்க முடியாமல் போன மீனைக் கடலிலோ குளத்திலோ விட்டுவிடுவதும் புண்ணியம் அல்ல. இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்கிற்கும் உரிய சிங்கமீன், வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டு அட்லாண்டிக் கடலில் பரவியது என்றே கருதப்படுகிறது. 1985-இல் புளோரிடா அருகே முதலில் காணப்பட்ட அது, இன்று கரீபியன் பாறைகளின் சிறுமீன்களை வேட்டையாடித் தீர்க்கிறது.

தொட்டி இல்லாமலே நடத்தலாம்

செலவில்லாமல் வகுப்பில் செய்யக்கூடிய நான்கு செயல்பாடுகள் இவை.

1. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு நீர். ஒன்றில் ஒரு கரண்டி உப்பு. நீர்மட்டத்தைக் கோடு போட்டு, வெயிலில் ஒரு வாரம் வைத்து அளக்கட்டும். உப்புநீரில் எது குறைந்தது, எது தங்கியது என்று எழுதட்டும். சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

2. முட்டை ஓட்டையோ கிளிஞ்சலையோ வினிகரில் போட்டுக் குமிழி வருவதைப் பார்க்கட்டும். சாக்பீஸ் வேண்டாம், இப்போது வருபவை பெரும்பாலும் ஜிப்சம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைக் கடல் கரைத்துக்கொள்வதால் அதன் காரத்தன்மை மெல்லக் குறைகிறது, சுண்ணாம்பு வீடு கட்டுவது கடினமாகிறது என்று விளக்கலாம். கடல் வினிகராக மாறிவிடும் என்று மட்டும் பிள்ளைகள் புரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஊர்க் குளத்து நீரை ஒரு வாளியில் எடுத்து, கொசு முட்டையிடாதபடி வலைத்துணியால் மூடி ஒரு வாரம் வையுங்கள். மீன் விட வேண்டாம். நிறம், வாசனை, பாசி எப்படி மாறுகின்றன என்று குளத்தோடு ஒப்பிடட்டும். ஒரே நீர்தான், வாளியில் இல்லாதது என்ன? இந்தக் கேள்விக்கு விடை எழுதும் பிள்ளைக்குப் பவளப்பாறையும் தொட்டியும் புரிந்துவிடும்.

4. கரும்பலகையில் இரண்டு பத்தி. இடப்பக்கம் தொட்டிக் கருவிகள். வலப்பக்கம் அந்த வேலையைக் கடலில் செய்வது யார், எது? இடப்பக்கத்தில் எதையும் எழுத முடியாத வரிகளும் வலப்பக்கத்தில் வரும். மீனவர், கிளிமீன், கரை காத்தல். அந்த வெற்றிடங்களைத்தான் அதிக நேரம் பேச வேண்டும்.

நன்கொடையாளரிடம் தொட்டிக்குப் பதிலாக ஒரு நல்ல நுண்ணோக்கி கேளுங்கள். குளத்து நீர்த்துளியில் உள்ள உயிர்களை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். அல்லது ஒரு பேருந்துக்கான செலவைக் கேளுங்கள். மண்டபத்தில் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன்காட்சியகம் இருக்கிறது. ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறையின் கண்ணாடித் தளப் படகில் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாகவும் கலங்கலாகவும் இருக்கும் என்பதால் பயண மாதத்தை விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். அங்கேயும் கண்ணாடிதான். ஆனால் அந்தக் கண்ணாடிக்குக் கீழே இருப்பது கடல்.

கடலைப் பார்க்காத பிள்ளையிடம் கடலைக் காப்பாற்று என்று சொல்வது எளிதல்ல. ஆனால் ஒரு வாளித் தண்ணீர் ஒரு வாரத்தில் எப்படிக் கெடுகிறது என்று பார்த்த பிள்ளை, கெடாமல் இருக்கும் குளத்தை மதிக்கும். குளத்தை மதிக்கும் பிள்ளைக்குக் கடல் தூரமில்லை.